நனைக்காத கன்வஸ்

கிண்ணியாவில் ஒரு மனிதனுக்குப் பொறாமைப்பட வேறு ஆள் கிடைக்காவிட்டால் சகலன் ஒருவன் போதும். ஊர் வழக்கம் அப்படி. இங்கே பெண்பிள்ளைக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். இரண்டு பெண்கள் இருந்தால் ஒரே வளவில் இரண்டு வீடு. எங்கெங்கோ பிறந்த இரண்டு ஆண்கள் ஒரே வேலிக்குள், ஒரே கிணற்றடியில், ஒரே மாமியின் கண்முன்னால் ஆயுள் முழுக்க வாழ வேண்டும். ஒருவன் ஒரு கிலோ மாம்பழம் வாங்கி வந்தாலும் மற்றவனுக்கு மணத்திலேயே தெரிந்துவிடும்.

கலீலுர் றஹ்மான் அந்த வளவுக்குள் மூத்த மாப்பிள்ளையாக வந்து இருபத்தாறு வருஷம். வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது மூதூரில். திருகோணமலை உட்துறைமுக வீதியில் அவருக்கு ஒரு குஷன் கடை இருந்தது. ஓட்டோக்களுக்கு மேற்கூரை ஹூட் தைப்பார், லொறிகளுக்கு இருக்கை போடுவார், தம்பலகாமத்து ட்ரக்டர்காரர்கள் கிழிந்த சீற்றைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போனால் மஃரிப் தொழுகைக்குத்தான் திரும்புவார். ஹூட் மாட்டி முடித்ததும் நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார். மேளம்போலச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால், ஓட்டோக்காரனே போதும் என்று கும்பிட்டாலும் விடமாட்டார். பிரித்துத் திரும்பத் தைப்பார்.

அந்த வளவில் அவர் நெடுங்காலம் ஒற்றை ராஜா. மச்சினி றிஷானாவுக்கும் கல்யாணம் நடந்ததுதான். ஆனால் அவள் புருஷன் அர்ஷாக் கட்டாரில் கூடாரக் கம்பனி ஒன்றில் வேலை. வருஷத்தில் ஒரு மாதம் வருவான், சொக்லேற் கொடுப்பான், போவான். விருந்தாளியைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவதில்லை. மாமி ஸல்ஹா உம்மா பாரை மீன் வாங்கினால் தலை எப்போதும் றஹ்மான் வீட்டுக் குசினிக்குத்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னர் அர்ஷாக் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். வீட்டை இடித்துப் பெரிதாக்கினான். கல்யாணமே நடத்தலாம்போல ஒரு விறாந்தை, அதற்கு மாபிள் பதித்தான். பிறகு தடித்த துணி தைக்கும் மெசின் ஒன்றை இறக்கி அந்த விறாந்தையில் வைத்து, வாசலில் ‘பந்தல், கூடாரம், கன்வஸ் வேலைகள்’ என்று போர்ட் மாட்டினான். அந்தக் கிழமை வந்த பாரைத் தலை அவன் வீட்டுக்குப் போனது. அடுத்த கிழமை வந்ததும் அங்கேதான் போனது. மூன்றாவது தலை தன் வீட்டுக்கு வந்தபோது றஹ்மான் அதைத் தொடவே இல்லை. மிச்சத்துக்கு வந்ததைத் தின்ன அவர் என்ன பூனையா?

“மீன் தலைக்கெல்லாம் மூஞ்சிய நீட்டுறீங்களே” என்று சிரித்தாள் மனைவி ஷிஃபானா.

“தலைக்கு ஆர் நீட்டினது? எனக்கு முள்ளு பிடிக்காது” என்றார் அவர். இருபத்திநாலு வருஷம் தலையைத் தின்ற மனிதர்.

ஷிஃபானாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளவில் உள்ள எல்லோருடைய அபாயா, திரைச்சீலை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் அவள் கைத்தையல்தான். ஒரே மகன் கொழும்புக்குப் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்க, ஒருநாள் அவள் கேட்டாள்: “நானும் கடைக்கு வந்து தைக்கட்டா? அங்க ரெண்டாவது மெசின் சும்மாதானே கிடக்கு.”

றஹ்மான் அதைப் பகிடி என்றே நினைத்தார். “பொம்புள தைச்ச ஹூட் எண்டு தெரிஞ்சா ஒரு ஓட்டோக்காரனும் வாசலுக்கு வரமாட்டான். ஒரு மழை தாங்காது எண்டு சொல்லுவான்.”

“சரி” என்றாள் அவள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அதோடு விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்தார். மனைவி ‘சரி’ என்றால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிற ஆண்கள் ஊரில் நிறையப் பேர்.

சென்ற ஓகஸ்ட் மாதம் சல்லி என்ற ஊரைச் சேர்ந்த டிலக்சன் என்ற இளைஞன் ஒரு வேனை அவருடைய கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பழைய ஜப்பான் வேன். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் இருந்தன. கூரையைத் தள்ளினால் பெட்டியின் மூடிபோல மேலே எழும்பும். எழும்பின இடைவெளியை நாலு பக்கமும் கன்வஸ் மூடியிருக்கும். வெள்ளைக்காரச் சனத்துக்கு வாடகைக்கு விடுவதுதான் அவன் தொழில்.

“குரங்கு கிழிச்சுப் போட்டுது நானா” என்றான், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில். கோணேசர் மலையடியில் கூரையை எழுப்பி வைத்துவிட்டு, உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போயிருக்கிறான். திரும்பி வந்தபோது பழமும் இல்லை, ஒரு பக்கத்துக் கன்வஸும் இல்லை. “கன்வஸ் முழுக்க மாத்த வேணும். கூரை விளிம்பில இருக்கிற றப்பர் பீடிங்கும் உப்புக்காத்தில வெடிச்சுப் போச்சு. மூடினாலும் தண்ணி வருது.”

றஹ்மான் சுற்றி வந்து பார்த்தார். அலுப்பான வேலை. மூலைகள் வளைவு, ஜன்னல் வலை வேறு. அன்றைக்கு நாலு ஹூட் காத்திருந்தன. தெரியாத வேலையை முடியாத வேலை என்று சொல்லிவிடுவது தொழில்காரருக்கு லேசு.

“தம்பி, இதெல்லாம் இஞ்ச ஏலாது. கூரைய இறக்கி வெல்டிங் வச்சு மூடிப் போடுங்க. குரங்கும் வராது, மழையும் வராது.”

“மூடிப் போட்டா அது சும்மா வேன்தானே நானா?” என்று டிலக்சன் முகம் சுருங்கிப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை றஹ்மான் வீடு திரும்பியபோது அதே வேன் அர்ஷாக்கின் வாசலில் கூரையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தெருவால் போகிற சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது. மாமி கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். றஹ்மானுக்கு வயிற்றுக்குள் யாரோ மிளகாய் அரைத்ததுபோல இருந்தது. தானே வேண்டாமென்று தள்ளிவிட்ட வேலைதான். அதனால் என்ன? தள்ளிவிட்ட சோற்றை அடுத்தவன் ருசித்துத் தின்றால் அப்போதுதான் பசி வரும்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கடை இல்லை. ஜும்ஆ முடிந்து வந்தவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, சும்மா போகிறவர்போல அந்தப் பக்கம் போனார். பிழை பிடிக்கத்தான் போனார். இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் பீடிங்கைப் பார்த்தார். அரைகுறைத் தொழில்காரன் றப்பரை இழுத்து இழுத்து ஒட்டுவான். நாலு நாளில் அது தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, பொருத்தில் வாயைத் திறக்கும். அர்ஷாக் இழுக்கவில்லை. தளர்வாகவே வைத்து, மூலைகளில் கொஞ்சம் கூடவே தள்ளி, பொருத்தை மழை நேரே அடிக்காத பின்பக்கம் வைத்திருந்தான். றஹ்மான் பெருவிரலால் அமத்தி அமத்தி முழுச் சுற்றும் வந்தார். ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

“உள்ளுக்கு வாங்க காக்கா” என்று அர்ஷாக் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான்.

விறாந்தையில், அந்த மாபிள் தரையில், புதுக் கன்வஸ் விரித்திருந்தது. கொழும்பிலிருந்து எடுப்பித்த நல்ல பருத்திக் கன்வஸ். அதன்மேல் கிழிந்த பழையதைப் பிரித்து வைத்து, ஓரத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டிருந்தான். கத்தரிக்கோல் பக்கத்தில் இருந்தது. குசினி வாசலில் ஷிஃபானா பிளேன்ரீத் தட்டோடு நின்றாள். அவள் விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தங்கச்சிக்கு மாக் குழைத்துக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தார். கொஞ்ச நாளாக அவள் அந்த வீட்டிலேயே கிடப்பது அவருக்கு ஏற்கனவே பிடிக்கவில்லை. மாபிள் தரையில் நடக்க ஆசை வந்துவிட்டதாக்கும்.

குனிந்து துணியைத் தொட்டார். விறைப்பாக இருந்தது. கடைக் கஞ்சியின் மணம் அப்படியே இருந்தது. அந்த நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. இந்தத் துணி இன்னும் தண்ணீரைக் காணவில்லை.

றஹ்மானுக்கு இது எப்படித் தெரியும் என்றால், அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அந்தக் கதை கிண்ணியாவில் யாருக்கும் தெரியாது. இருபத்துமூன்று வயதில் மூதூரில் சனம் ஏற்றும் ஒரு லோஞ்சுப் படகுக்கு அவர் மேல்விரிப்புத் தைத்துக் கொடுத்தார். அவருடைய முதல் பெரிய வேலை. றெக்சின் தைத்துப் பழகிய கை. றெக்சினுக்கு மழையும் ஒன்று, வெயிலும் ஒன்று. வெட்டின அளவிலேயே கிடக்கும். பருத்திக் கன்வஸையும் அப்படியே, மேளம்போல இறுக்கி மாட்டினார். முதல் மழை பெய்தது. துணி சுருங்கி, வளையங்களைப் பிய்த்துக்கொண்டு நடுக்கடலில் நாலு பக்கமும் விட்டுவிட்டது. ஏறியிருந்த சனம் முழுக்க நனைந்து கரைக்கு வந்தது. இறங்குதுறையில் வைத்து லோஞ்ச்காரர் எல்லோருக்கும் கேட்க, “சுருக்குப்பை றஹ்மான் வாறார், வழி விடுங்க” என்றார். அந்தப் பெயர் மூன்று வருஷம் ஒட்டிக்கொண்டது. கிண்ணியாவிலிருந்து கல்யாணம் பேசி வந்தபோது அவர் பெண்ணின் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பெயர் தெரியாத ஊர் என்பதே போதுமாக இருந்தது.

கன்வஸை வெட்டுவதற்கு முன்னர் ஊற வைத்து, காய வைத்து, திரும்பவும் ஊற வைத்துக் காய வைக்க வேண்டும். சுருங்க வேண்டியது சுருங்கின பிறகுதான் அளவு. கட்டாரில் அர்ஷாக் தைத்ததெல்லாம் பிளாஸ்ரிக் பூசின கூடாரத் துணி. அங்கே மழையும் இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பழைய கன்வஸோ பத்து வருஷ மழையில் சுருங்கி அடங்கினது. அதன் அளவுக்குப் புதுத் துணியை வெட்டினால் முதல் மழையோடு கதை முடியும்.

அர்ஷாக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, “பாத்துச் சொல்லுங்க காக்கா” என்றான். “நீங்க பழைய கை. ஏதும் பிழையெண்டா இப்பவே சொல்லுங்க. வெட்டினாப் பொறகு ஒட்டேலாது.”

அவன் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் றஹ்மான் ஒருவேளை சொல்லியிருப்பார். கேட்டுவிட்டான். மரியாதையாகவும் கேட்டுவிட்டான். மாமி பார்த்துக்கொண்டிருந்தார். ‘எனக்கு ஆர் சொல்லித் தந்தது?’ என்று ஒரு குரல் உள்ளே எழும்பியது. ‘நான் பட்டுப் படிச்சதை இவன் ஒரு பிளேன்ரீக்கு எடுத்துக்கொண்டு போறதா? இவனும் ஒருக்கா சுருக்குப்பை ஆகட்டும்.’

“நல்லாத்தான் இருக்கு. வெட்டுங்க” என்றார் றஹ்மான். தேநீரையும் குடித்து முடித்துவிட்டு வந்தார்.

அடுத்த கிழமையே வேன் தயாராகிவிட்டது. டிலக்சன் கூரையை எழுப்புவதும் இறக்குவதுமாக ஒரு வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டான். மூலைத் தையலைக் கிட்டப் பிடித்துக் காட்டி, ‘கிண்ணியாவில் இப்படி ஒரு கை இருக்கு’ என்று எழுதியிருந்தான். கடைக்கு வந்த ஓட்டோக்காரர்கள் அதை றஹ்மானுக்கே காட்டினார்கள். “உங்கட சகலன் சரியான வேலைக்காரன் போல நானா.” அன்றைக்கு அவர் ஒரு ஹூட்டை மூன்று தரம் பிரித்துத் தைத்தார்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே வீடியோ. ஷிஃபானா குசினி முக்காலியில் உட்கார்ந்து போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் திரும்பத் தொடங்கினாள். மூலைத் தையல் வரும்போது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் ஹூட் ஒன்றைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

“என்னத்தத் திரும்பத் திரும்பப் பாக்குற?”

“சும்மா” என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சகலன் வீட்டையும் மீன் தலையையும் தாங்கிக்கொண்ட மனிதரால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. மழை வரட்டும் என்று காத்திருந்தார். அதற்காகத் துஆக் கேட்கவில்லை. அந்தளவுக்கு அல்லாஹ்வின் பயம் அவருக்கு இருந்தது. ஆனால் காலையும் மாலையும் வானொலியில் வானிலை அறிக்கை கேட்டார். திருகோணமலையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் வெயிலும்தான். டிலக்சனோ வேனை ஒரு ஜெர்மன் தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தான். அவர்கள் போனது நுவரெலியாவுக்கு. “மத்திய மலைநாட்டில் பலத்த மழை” என்று வானொலி சொன்ன அன்று றஹ்மான் இரண்டு கோப்பை சோறு கூடத் தின்றார். ஷிஃபானா சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் கறி விட்டாள்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், வேன் திரும்பி வந்தது. கூரை அரைவாசி எழும்பி, வாய் கோணினாற்போல நின்றது. றஹ்மான் கிணற்றடியிலிருந்து அதைப் பார்த்தார். அவசரப்படவில்லை. கால் கழுவினார், சாரனை உதறிக் கட்டினார், மெதுவாகப் போனார். இப்படி ஒரு சந்தோஷத்தை ஓடிப்போய் அனுபவித்தால் ருசி குறைந்துவிடும்.

“அர்ஷாக் நானா, இதென்னண்டு பாருங்கோ” என்று டிலக்சன் கத்திக்கொண்டிருந்தான். “முழுக்க எழும்புதில்லை, ரெண்டு விரல் கட்டை. லொக் விழுதில்லை. மழைக்குள்ள மூலை பிஞ்சு மெத்தையெல்லாம் தண்ணி. அதுகள் ரெண்டும் முன்சீற்றில குந்திக்கொண்டு விடியக் காத்திருந்ததாம்.”

அர்ஷாக்கின் முகம் வெளிறிவிட்டது. அளவு ரேப்பை எடுத்து அளந்தான். திரும்பவும் அளந்தான். “பழசுக்கு மேல வச்சுத்தான் வெட்டினது. கோடும் சரி, வெட்டும் சரி. அப்பிடியெண்டா தையல்லதான்...” என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்தி, தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

வாசலில் ஷிஃபானா நின்றாள். கழுத்தில் ரேப் தொங்கியது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கி வந்து, பிய்ந்த மூலையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“அர்ஷாக் தம்பியில பிழை இல்ல” என்றாள் டிலக்சனிடம். “தைச்சது நான். நான்தான் மடிப்பைக் கூட எடுத்திட்டன் போல.”

றஹ்மானுக்கு முதலில் விளங்கவில்லை. “நீயா? என்ன தைச்ச?”

“எல்லாம்” என்றான் அர்ஷாக். “எனக்கு வெட்டத் தெரியும் காக்கா, மூலை தைக்க வராது. நூறு தரம் கெஞ்சித்தான் ராத்தாவைக் கூப்பிட்டனான். உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு ராத்தாதான் சொன்னவ.”

“ஒரு மழை தாங்கின பொறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்” என்றாள் ஷிஃபானா, புருஷனைப் பார்க்காமல். “பொம்புள தைச்சது ஒரு மழை தாங்காது எண்டு நீங்கதானே சொன்னீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.”

அந்தச் சோக் விரல்கள், அந்தச் சிரிப்பு, திரும்பத் திரும்பப் பார்த்த அந்த வீடியோ எல்லாம் ஒன்றாக வந்து றஹ்மானின் நெஞ்சில் விழுந்தன. அவள் பார்த்துச் சிரித்தது சகலனின் வேலையை அல்ல; தன் வேலையை. சகலனுக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று றஹ்மான் தன் மூக்கை அறுத்திருந்தார். அறுபட்டது பெண்டாட்டியின் மூக்கு.

பேசாமல் வந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவள் தன் கையில்தான் பிழை என்று நம்பிக்கொள்வாள், இனி ஊசியைத் தொடமாட்டாள், வளவு பழையபடி அடங்கிவிடும். பின்னேரத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவள் பிய்ந்த தையலை நுள்ளி நுள்ளி, தன் பிழை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். இல்லாத பிழையை எத்தனை நாள் தேடுவாள்?

“தையல்ல பிழை இல்ல” என்றார் றஹ்மான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“பருத்திக் கன்வஸ் மழை பட்டாச் சுருங்கும். ரெண்டு தரம் நனைச்சுக் காய வச்சுத்தான் வெட்ட வேணும். இது நனைக்காமல் வெட்டினது.” பிய்ந்த மூலையைத் தொட்டுக் காட்டினார். “மூதூரில எனக்கும் இதுதான் நடந்தது. லோஞ்சுக்குத் தைச்சு, எல்லாரும் நனைஞ்சு... அங்க என்ர பேர் சுருக்குப்பை றஹ்மான்.”

டிலக்சன் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்த்தான். மாமிக்கும் கேட்டிருக்கும். ஷிஃபானா சிரிக்கவில்லை. அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

“அப்ப, அண்டைக்குத் துணியத் தொட்டுப் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?”

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. வாய் வரைக்கும் வந்தது.

“ஓம்” என்றார்.

“அர்ஷாக் உங்களிட்டக் கேட்டாரே.”

“ஓம்.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கழுத்திலிருந்த ரேப்பைச் சுருட்டி, தங்கச்சி வீட்டுக்குள் போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். றஹ்மான் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் கெட்டார். அர்ஷாக் ஏதாவது ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி காக்கா, எத்தின நாள் ஊற வைக்கிற?” என்று மட்டும் கேட்டான்.

திரும்பவும் கன்வஸ் வந்தது. றஹ்மான் ஒரு கிழமை கடையைப் பூட்டினார். கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றிச் சீமெந்துத் தொட்டியை நிரப்பி, துணியை ஊறப் போட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கயிறு கட்டி விரித்தார். காய்ந்ததும் திரும்ப ஊறப் போட்டார். அளந்து பார்த்தால் முழத்துக்கு ஒரு விரல் குறைந்திருந்தது. ஷிஃபானா வந்து அளவை எழுதிக்கொண்டு போனாள். அவரோடு பேசவில்லை. “சோறு இருக்கு”, “கதவப் பூட்டுங்க”, அவ்வளவுதான். சத்தம் போடுகிற பெண்டாட்டியோடு வாழ்ந்துவிடலாம். இது வேறு தண்டனை.

தைக்கிற நாள் அவர் கேட்காமலே போய் மெசினுக்கு முன்னால் மாபிள் தரையில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். கன்வஸ் கனமானது, யாராவது பிடிக்காவிட்டால் பாரம் ஊசியை இழுக்கும். அவர் துணியை ஏந்திக்கொடுக்க, அவள் தைத்தாள். வளைவு வந்தபோது அவள் மெசினை நிறுத்தவில்லை. இடது கையின் இரண்டு விரலால் துணியை ஒரு சொட்டு ஒரு சொட்டாகத் திருப்பி, ஒரு சுருக்கமும் இல்லாமல் மூலையைச் சுற்றி வந்தாள். றஹ்மான் தன் வாழ்நாளில் அப்படி ஒரு மூலை தைத்ததில்லை. தைக்கவும் முடியாது. அது தெரிந்த உடனே அந்தப் பழைய மிளகாய் திரும்பவும் அரைபட்டது. இருபத்தாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனுஷியின் கையைப் பார்த்து ஒருவனுக்கு வயிறு எரியுமா? எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, எரியவும் எரிந்தது. துணியை மட்டும் அவர் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்ததும் டிலக்சன் குழாயைப் பிடித்துக் கூரை முழுக்கத் தண்ணீர் அடித்தான். காயும்வரை காத்திருந்து இறக்கினான், எழுப்பினான். லொக் ‘டக்’ என்று விழுந்தது. பழக்கதோஷத்தில் கன்வஸைச் சுண்டப் போன விரலை றஹ்மான் பாதியில் மடக்கிக்கொண்டார். அது மேளம்போல இருக்கத் தேவையில்லை.

“அக்கா, இந்த முறை உங்கட பேரைப் போட்டு வீடியோ போடவா?” என்று டிலக்சன் கேட்டான்.

ஷிஃபானா காய்ந்த மூலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். “போடுங்க” என்றாள்.

வேன் போன பிறகு கிணற்றடியில் அவள் சோக் படிந்த கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். றஹ்மான் வாளியால் தண்ணீர் ஊற்றினார். இதைச் சொல்ல அவர் மூன்று நாளாகப் பழகியிருந்தார்.

“கடையில ரெண்டாவது மெசின் சும்மாதான் கிடக்கு. எண்ணெய் போட்டு வச்சிருக்கிறன். நாளைக்கு என்னோட வாறியா? போர்ட்டிலயும் பேர் போடுவம்.”

அவள் கையை உதறி முந்தானையில் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பத்து நாளில் முதல் தரமாகப் பார்த்தாள். கோபம் இருக்கிற முகமாகத் தெரியவில்லை. புதுக் கன்வஸை விரித்து வைத்து, இது எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கிறபோது அவளுக்கு வருமே, அந்த முகம்.

“முதல்ல ஒரு மழை போகட்டும், பாப்பம்” என்று சொல்லிவிட்டு, தங்கச்சி வீட்டு விறாந்தைக்கு ஏறிப் போனாள். அர்ஷாக்குக்கு அடுத்த வேலை வந்திருந்தது.

றஹ்மான் வாளியோடு நின்று மேலே பார்த்தார். ஒரு முகில்கூட இல்லை. கிண்ணியாவில் மாரி பிடிக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.